செடிக்கு முன் வெயில்: அடுக்குமாடி வீட்டில் பூவும் மூலிகையும்

தொடக்க வகுப்பின் சூழ்நிலையியல் முதல் பத்தாம் வகுப்பு அறிவியல் வரை, தாவரத்தைத் தொடாத பாடநூல் இல்லை. விதை முளைத்தல், ஒளிச்சேர்க்கை, நீராவிப்போக்கு, உடல இனப்பெருக்கம், மகரந்தச் சேர்க்கை என்று ஆண்டுதோறும் ஏதோ ஒரு பாடத்தில் செடி வந்து நிற்கிறது. ஆனால் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகள் பலரின் வீட்டில் மண் தரையே கிடையாது. குடியிருப்பு வாரிய அடுக்குமாடியிலோ, சந்துக்குள் ஓர் அறை வீட்டிலோ வசிக்கிறார்கள். வாசற்படி ஓரத்தில் ஒரு பெயிண்ட் டப்பா வைக்க இடம் இருந்தால் அதுவே பெரிது. அவர்களுக்குச் செடி என்பது பாடநூலில் அம்புக்குறி போட்ட ஒரு படம்.

ஆசிரியர்களாகிய நம்மில் பலரும் இன்று அடுக்குமாடியில்தான் இருக்கிறோம். நான் மயிலாப்பூரில் இரண்டாம் மாடியில் வசிக்கிறேன். உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். மூன்று ஆண்டுகளாகப் பால்கனியில் எட்டுத் தொட்டிகளும், மொட்டை மாடியில் நான்கு தொட்டிகளும் வைத்துப் பூவும் மூலிகையும் வளர்த்து வருகிறேன். தோட்டக்கலையில் இன்னும் தொடக்க நிலையில் இருப்பவள்தான். ஆனாலும், புதிதாகத் தொடங்கும் ஆசிரியர் ஒருவருக்குப் பயன்படும் அளவுக்குச் சில செய்திகள் தெளிவாகியிருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது இது: எந்தச் செடி வளரும் என்பதை நம் விருப்பத்தைவிட நாம் இருக்கும் இடமே அதிகம் தீர்மானிக்கிறது. எனவே செடி வாங்குவதற்கு முன் இடத்தைப் படிக்க வேண்டும்.

மயிலை கபாலீசுவரர் கோயிலின் தல மரம் புன்னை. அது கடற்கரை மரம். மணற்பாங்கான நிலத்தையும் உப்புக் காற்றையும் தாங்கும். கடலிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ள ஊருக்குப் பொருத்தமான மரம்தான் தல மரமாகியிருக்கிறது. இரண்டு அடி பால்கனிக்கும் இதே விதிதான்.

வெயிலை அளந்து பாருங்கள்

வீட்டுக்கு எத்தனை மணி நேரம் நேரடி வெயில் வருகிறது என்று கேட்டால் பெரும்பாலோர், 'நல்லா வரும்' என்றுதான் சொல்வார்கள். அந்த விடை போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால்கனித் தரையில் வெயிலின் விளிம்பைச் சாக்பீஸால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். மாலையில் அந்தக் கோடுகளைப் பார்த்தால் எந்த மூலைக்கு எவ்வளவு வெயில் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. இவையே நிழலில்லா நாள்கள். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் சற்று வடக்கே இருக்கும். மீதி எட்டு மாதங்களும் தெற்கே இருக்கும். அதனால் மே, ஜூன், ஜூலையில் வடக்குப் பார்த்த பால்கனிக்கும் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் கிடைக்கிறது. டிசம்பரில் தெற்குப் பார்த்த பால்கனியின் உட்சுவர் வரை வெயில் நுழைகிறது. எதிரில் உயரமான கட்டடம் இருந்தால் கணக்கு மேலும் மாறும்.

என் பால்கனி கிழக்குப் பார்த்தது. நான் முதல் செடி வாங்கப் போனபோது, தெருவில் வந்த செடி வண்டிக்காரர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "வீட்டுல வெயில் எத்தன மணிக்கு வரும் டீச்சர்?"

"ஏழரைக்கு வந்து பதினொன்றுக்குப் போயிடும்ண்ணா" என்றேன்.

"அப்ப இந்த ரோஜா வேணாம் டீச்சர். பத்து நாள்ல மொட்டு நின்னுடும். இந்தக் கற்பூரவள்ளிய எடுத்துக்குங்க."

விலை அதிகமான செடியை விட்டுவிட்டு, விலை குறைந்ததை அவர் எடுத்துக் கொடுத்தார். மூன்றரை மணி நேர வெயிலில் எது நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ வெயில் இருந்தால் மல்லிகை, செம்பருத்தி, ரோஜா, டேபிள் ரோஸ், சங்குப்பூ வளரும். மூன்று முதல் ஐந்து மணி நேரம் என்றால் துளசி, கற்பூரவள்ளி, தூதுவளை, நித்தியகல்யாணி. அதற்கும் குறைவு என்றால் புதினா, வல்லாரை. நேரடி வெயிலே வராத இடத்தில் பூச்செடியை எதிர்பார்க்க வேண்டாம்.

தொட்டியும் மண்ணும்

தொட்டியில் முதலில் பார்க்க வேண்டியது அடியில் உள்ள துளை. மண் தொட்டி, பிளாஸ்டிக் வாளி, பெயிண்ட் டப்பா, வளர்ப்புப் பை எதுவானாலும் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். வேருக்கும் சுவாசம் உண்டு. தண்ணீர் தேங்கினால் மண் துகள்களுக்கு இடையில் உள்ள காற்று வெளியேறி, வேர் அழுகிவிடும்.

புதினா, மல்லித்தழை, வல்லாரைக்கு ஆழம் குறைந்த அகலமான தொட்டி போதும். துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் எட்டு அங்குலம், மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் பன்னிரண்டு அங்குலம் தேவை. பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வெறும் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் எடை 20 கிலோவைத் தாண்டும். மொட்டை மாடியில் பல தொட்டிகள் வைப்பதற்கு முன், கட்டடத்தின் நிலையைக் கேட்டறிந்து, குடியிருப்போரின் ஒப்புதலும் பெற வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் எந்தத் தொட்டியையும் வைக்கக் கூடாது. கீழே நடந்து போகிறவர் தலையில் விழுந்துவிடும்.

எடையைக் குறைக்கத் தென்னை நார்க்கழிவு உதவும். நான் பயன்படுத்துவது செம்மண் ஒரு பங்கு, ஊறவைத்த நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும். ஆகவே அதை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித் தோட்டத் தளையிலும் வளர்ப்புப் பை, நார்க்கழிவுக் கட்டி, விதை ஆகியவை இருக்கின்றன. முதல் முறை தொடங்குபவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர்: அளவும் தரமும்

'தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?' என்ற கேள்விக்கு விரல் விடை சொல்லும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாகச் சொட்டும் வரை பூவாளியால் ஊற்றுங்கள். காலை நேரமே நல்லது. கற்பூரவள்ளியின் இலையும் தண்டும் சதைப்பற்றானவை. அவை நீரைச் சேமித்து வைப்பதால் மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். புதினாவுக்கு மண் எப்போதும் சற்று ஈரமாக இருக்க வேண்டும்.

தண்ணீரின் தரமும் முக்கியம். கடலை ஒட்டிய பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருப்பதை நாம் அறிவோம். அதையே தொடர்ந்து ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு ஏற்படும். இலை நுனி பழுப்பாகிக் கருகும். மெட்ரோ வாட்டர் நீரோ, பிடித்து வைத்த மழைநீரோ நல்லது. வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு கூடுதலாக இருக்கும். அது செடிக்கு வேண்டாம். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைக் கவனியுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தேங்கு நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுழற்சி அறுபடும். பாட்டில் நீரில் வளர்க்கும் மணி பிளாண்டுக்கும் இது பொருந்தும்.

தொடங்குவதற்கு ஐந்து மூலிகைகள்

கற்பூரவள்ளி: நான்கு அங்குலத் தண்டை ஒடித்து, கீழ் இலைகளை நீக்கி, ஈர மண்ணில் செருகினால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும். சில ஊர்களில் இதை ஓமவல்லி என்பார்கள். இலையைக் கசக்கினால் ஓம வாசனை வரும். உடல இனப்பெருக்கப் பாடத்துக்கு இதைவிட எளிய சான்று இல்லை.

புதினா: கடையில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டுகளை எடுத்து, இலையைச் சமையலுக்குக் கிள்ளிவிட்டு, கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்துங்கள். சுமார் ஒரு வாரத்தில் கணுக்களில் வேர் தெரியும். நீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வேர் ஓர் அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம்.

துளசி: விதையிலிருந்தே வரும். கதிர் வந்தவுடன் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகி இலை நிறையும். ஒரு கிளையை மட்டும் விட்டு வைத்தால் அடுத்த தலைமுறைக்கு விதை கிடைக்கும்.

வல்லாரை: படர்ந்து, கணுதோறும் வேர் விடும். அரை நிழலும் ஈரமும் போதும்.

கொத்தமல்லி: நாம் தனியா என்று வாங்குவது உண்மையில் கனி. அதற்குள் இரண்டு விதைகள் உள்ளன. உள்ளங்கையால் அழுத்தி இரண்டாக உடைத்து, இரவு முழுவதும் ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வெப்பம் மிகுந்தால் இலை சிறுத்து விரைவில் பூத்துவிடும். சென்னையில் நவம்பர் முதல் ஜனவரி வரையே இதற்கு ஏற்ற காலம்.

பாடம் சொல்லும் பூக்கள்

சங்குப்பூ விதையின் தோல் கடினம். ஓர் இரவு ஊறவைத்து நட்டு, ஜன்னல் கம்பியில் ஏற்றிவிடலாம். நீலப் பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகி, மேலும் விட்டால் இளஞ்சிவப்பாகும். சமையல் சோடா கரைசல் விட்டால் பச்சை சாயும். அமிலம், காரம் பாடத்துக்கான நிறங்காட்டி வீட்டிலேயே தயார்.

டேபிள் ரோஸ் நல்ல வெயிலில் விரிந்து, பிற்பகலில் கூம்பிவிடும். அந்திமந்தாரை அதற்கு நேர்மாறாக மாலையில் மலரும். இரண்டையும் அருகருகே வைத்து மலரும் நேரத்தைக் குறிக்கச் சொன்னால், தொடக்க வகுப்புப் பிள்ளையும் ஒரு வாரத்தில் ஆய்வாளர் ஆகிவிடுவார். மேல்நிலை வகுப்பில் முழுமையற்ற ஓங்குதன்மைக்கு எடுத்துக்காட்டாக வருவதும் இந்த அந்திமந்தாரைதான்.

சாமந்தி குறும்பகல் தாவரம். இரவு நீளும் மாதங்களில்தான் மொட்டு வைக்கும். பால்கனியில் இரவெல்லாம் விளக்கு எரிந்தாலோ, தெருவிளக்கு வெளிச்சம் நேராக விழுந்தாலோ பூப்பது தள்ளிப்போகும். மாநகரத்தில் சாமந்தி இலையாகவே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மல்லிகைக்கு முழு வெயில் வேண்டும். நவம்பர் இறுதியில் கிளைகளைக் கவாத்து செய்து எரு வைத்தால், மார்ச் முதல் புதுத் தளிர்களின் நுனியில் மொட்டு வரும். மாட வீதிகளில் முழம் போட்டு விற்கும் பூக்காரம்மாக்கள் மல்லிகையையும் முல்லையையும் மொட்டைப் பார்த்தே பிரித்துச் சொல்வார்கள். உருண்டு திரண்டது மல்லி, ஒல்லியாக நீண்டது முல்லை. பிள்ளைகளுக்கும் இந்தப் பார்வையைப் பழக்கலாம்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி வருவது வழக்கம். தொடக்கத்திலேயே பழைய பல்துலக்கியால் தேய்த்து, நீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும். மிகுந்துவிட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

சென்னையின் ஆண்டு

நம் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. வேறு ஊர்க் குறிப்புகளைப் பார்த்து நடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

புதிதாகத் தொடங்க ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். மாலை இடிமழையில் தண்டுத் துண்டுகள் எளிதில் வேர் பிடிக்கும். பள்ளியும் திறந்திருக்கும். அக்டோபருக்கு முன் அடித்துளைகளை ஒரு குச்சியால் குத்தி அடைப்பை நீக்குங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளைச் சுவரோரத் தரையில் நெருக்கி வையுங்கள். ஜனவரி, பிப்ரவரி கீரைக்கும் சாமந்திக்கும் உரியவை. கத்திரி வெயிலில் புதிதாக எதையும் நட வேண்டாம். இருப்பதைக் காப்பாற்றினால் போதும். மேற்பரப்பில் காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டு, மொட்டை மாடியில் பச்சை நிழல்வலை கட்டலாம்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள், தொட்டியைவிடச் சற்று உயரமான இடத்தில் ஒரு வாளி நீரை வைத்து, பருத்திக் கயிற்றின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணிலும் புதைக்கலாம். நுண்புழையேற்றத்தால் கயிறு நீரை இழுத்துக் கொடுக்கும். சில நாள் பயணத்துக்கு இது போதும். நீண்ட பயணம் என்றால் வாளியில் நீர் நிரப்பப் பக்கத்து வீட்டாரின் உதவி வேண்டும். வாளி வாயைத் துணியால் கட்ட மறக்க வேண்டாம்.

மூலிகை வேறு, மருத்துவம் வேறு

ஆசிரியர் கையில் கவனம் தேவைப்படும் இடம் இது. நம் வீட்டில் மூலிகை இருக்கிறது என்று தெரிந்ததும், 'என் பையனுக்கு இருமல் டீச்சர், என்ன கொடுக்கலாம்?' என்று பெற்றோர் கேட்பார்கள். ரசத்தில் தூதுவளை, பஜ்ஜியில் கற்பூரவள்ளி என்பது உணவு. நோய்க்கு அளவு சொல்லி இலை கொடுப்பது மருத்துவம். அதற்கு நமக்குத் தகுதி இல்லை. அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவையோ, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தையோ காட்டுவதே நம் கடமை. மஞ்சள் காமாலைக்குக் காரணங்கள் பல. கீழாநெல்லியை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அழகுக்காக வளர்க்கும் சில செடிகள் நஞ்சு. அரளியின் எல்லாப் பகுதிகளிலும் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள் உள்ளது. மஞ்சள் அரளியின் விதை மிகக் கொடியது. குன்றிமணி விதையும் அப்படியே. நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் கிடைக்கின்றன. அதே செடியின் இலையைத் தின்றால் அது நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டிலும் தொடக்கப் பள்ளியிலும் அரளி வேண்டாம். மற்றச் செடிகளிலும், 'பெயர் தெரியாத இலையை வாயில் வைக்காதே' என்பதே முதல் பாடமாக இருக்கட்டும்.

செடியை அடையாளம் காணப் பழக, பெயர்ப் பலகை உள்ள தோட்டங்கள் உதவும். கதீட்ரல் சாலையில் 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா உள்ளது. அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரில் மீட்டெடுக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, உப்பு நீருக்கு அருகில் எவை இயல்பாக வளர்கின்றன என்பதைக் காட்டும். வாங்குவதற்கு முன் வளர்ந்த செடியைப் பார்ப்பது நல்லது.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்லும்போது

ஒரு கற்பூரவள்ளிச் செடியை நன்றாக வளரவிட்டு நுனி கிள்ளி வந்தால், ஓர் ஆண்டில் ஒரு வகுப்புக்குப் போதுமான தண்டுகள் கிடைக்கும். கழுவிய பால் கவரில் அடியில் மூன்று துளையிட்டு, மண் கலவை நிரப்பி, பிள்ளைக்கு ஒரு தண்டு கொடுங்கள். கொடுப்பதற்கு முன், வீட்டில் வெயில் வரும் நேரத்தை எழுதி வரச் சொல்லுங்கள். 'எங்க வீட்டுக்கு வெயிலே வராது மிஸ்' என்று எழுதி வரும் பிள்ளையும் இருப்பார். அதுவும் ஒரு தரவுதான். அந்தப் பிள்ளையின் செடிக்குப் பள்ளித் தாழ்வாரத்தில், வெயில் படும் இடமாகப் பார்த்து ஒதுக்குங்கள். பொறுப்பு அவருடையதாகவே இருக்கட்டும்.

பதிவேட்டில் மூன்றே பத்திகள் போதும்: நாள், தண்ணீர் ஊற்றினேனா, புதிதாக என்ன பார்த்தேன். செடி வாடினால் மதிப்பெண் குறைக்க வேண்டாம். வாடிய செடியை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, மண் ஈரமா காய்ந்ததா, தண்டு அழுகியதா என்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள். காரணம் தெரிந்தபின் அடுத்த தண்டைக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன் வீட்டில் ஒரு தொட்டி நமக்கு வேண்டும். நம் கையில் வேர் பிடித்த செடியைப் பற்றிப் பேசும்போது, பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பாடநூலைப் புரட்டாமல் விடை சொல்ல முடிகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்பீஸோடு தொடங்கலாம்.